ஷை குழந்தை

"தகப்பனார் பேர்?" என்று வீட்டுக்காரர் பேனாவை ஒப்பந்தத் தாள்மேல் வைத்துக்கொண்டு கேட்டபோது தைலம்மைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அறுபது வயசு தாண்டியாயிற்று. எத்தனையோ பழைய வீட்டை இடிக்க எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரு நாளும் அந்தக் கேள்விக்கு அவள் நின்றது கிடையாது. கேட்கிறவன் வாயை மூடுவதற்குள் நல்லுசாமி என்று வந்து விழும், வெற்றிலை எச்சில் மாதிரி, யோசனையே இல்லாமல். இன்றைக்கு விழவில்லை. நல்லு என்று தொடங்கின இடத்திலேயே ஏதோ தடுக்கிற்று. தடுக்கினது தெரியக் கூடாது என்று உடனே கோபம் வந்தது. கோபம்தான் அவளுக்கு எப்பவும் கைக்கு எட்டுகிற சாமான். "முதல்ல தாய்ப்பத்திரத்தைக் கொண்டாங்க சார், அப்புறம் என் தகப்பனை விசாரிக்கலாம். வீடு உங்க வீடுதானான்னு நான் பார்க்க வேணாமா?" என்று வள்ளென்று விழுந்தாள். பாவம், ரிட்டையரான தமிழ் வாத்தியார். "என் வீட்டை என் வீடுன்னு நானே நிரூபிக்கணுமா? நல்ல கூத்தும்மா" என்று சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு, பத்திரம் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். உறையூர்த் தெருவில் அந்த நேரத்துக்கு ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. காலி வீட்டின் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் தைலம்மை, மடியில் போன். வெயில் முற்றத்துக்குள் சதுரமாக இறங்கி அவள் செருப்பு நுனிவரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். திற. அவ்வளவுதான். போனை எடுத்து அண்ணன் மகள் தமயந்திக்கு அடித்து, "திறடி" என்றால் அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டுவாள், திறந்துகொள்ளும். காலையிலேயே கேட்டுவிட்டாள். "அத்தை, படகு கவிழ்ந்த சேதி வந்ததுக்கு மறுநாள் பேப்பரும் அதே தளத்துல இருக்கு. நான் இன்னும் திறக்கல. உங்களைக் கேக்காம திறக்க மாட்டேன்." கொஞ்சம் பொறு, வேலையா இருக்கேன் என்று வைத்துவிட்டாள். என்ன வேலை. வீட்டைச் சுற்றி வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்க்கிற வேலை. மரத்தைத் தட்டிப் பார்க்காமல் ஒரு நாளும் விலை பேசாதவள், இதைத் தட்டிப் பார்க்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். பயமா? சே, பயமென்ன பயம். லாலாபேட்டையில் மச்சு இடிந்து விழுந்தபோது ஓடாமல் நின்றவள். எல்லாம் இந்த ரெங்கராசு அண்ணனால் வந்தது. பெரியப்பா மகன். குலதெய்வக் கோவில் கும்பாபிஷேகத்துக்கு வம்சாவளிப் புத்தகம் போடுகிறோம் என்று ஆரம்பித்ததே அவர்தான். ஆரம்பித்துவிட்டு வேலையை மகள் தமயந்தி தலையில் கட்டினார். அவள் கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தருகிறவள். மகள் சும்மா விடுவாளா? யார் யாருக்குப் பிறந்தார், எங்கே பிறந்தார், எதை வைத்துச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு குறிப்பு. பேப்பர் பேரு, தேதி, பக்கம், எத்தனையாவது பத்தி, எந்தத் தளத்தில் பார்த்தது, என்றைக்குப் பார்த்தது. "என்னைக்குப் பார்த்தேன்னு எதுக்குடி? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்த மாதிரி?" என்று தைலம்மை கேட்டதற்கு, "நாம பார்க்கறது காகிதத்தை இல்லத்தை, காகிதத்தோட படத்தை. நாளைக்கு அந்தத் தளத்தை மூடிட்டா? படத்தை மாத்திட்டா? இன்ன தேதிக்கு இது இருந்துச்சு, நான் பார்த்தேன், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றாள். சரியாகத்தான் பட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதும் அப்படித்தானே, அன்றைக்கு இருந்த லட்சணத்துக்குத்தானே சாட்சி.

அவளிடம் கதவு வாங்க வருகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள். சென்னையிலிருந்து காரில் வருகிற கண்ணாடிக்காரிகள் கதவைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், இது எந்த வீட்டுக் கதவு என்பார்கள். தைலம்மை கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஜமீன் வீட்டுக் கதவும்மா என்பாள். எந்த ஜமீன்? அது ஆளைப் பார்த்து. அரிசி மில்லிலிருந்து கழற்றின கதவெல்லாம் அவள் வாயால் ஜமீன் ஆகியிருக்கிறது. அதில் அவளுக்கு ஒரு நாளும் உறுத்தல் இருந்தது கிடையாது. கதவுக்கு வேண்டியது வைரம் பாய்ந்த மரம். ஊர்பேரைக் கேட்கிறவன் ஏமாறட்டும் என்று விட்டுவிடுவாள். எந்த வீட்டிலிருந்து வந்தால் என்ன? அப்படித்தானே எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இன்றைக்கு அந்த வாக்கியம் திரும்பி வந்து அவள் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்த வீட்டிலிருந்து வந்தால் என்ன தைலம்மை, என்கிறது. வெயில் செருப்பைத் தாண்டிக் கால்விரலுக்கு வந்துவிட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கதை அவளுக்கு நினைவு தெரிந்த நாளாகத் தெரியும். ஆடி மாசம், கொள்ளிடத்தில் புதுத்தண்ணி, மேலத்துறையில் படகு ஏறினவர்கள் அக்கரை சேரவில்லை. அப்பன் போனான், ஆத்தா போனாள், நீ மட்டும் நாணல்ல மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டுக் கெடந்தே. சொன்னது பெரியம்மா. சொல்லும்போது அவள் கையில் எப்பவும் ஒரு வேலை இருக்கும், முறத்தில் புடைத்துக்கொண்டோ அடுப்பில் வறட்டி தள்ளிக்கொண்டோ, ஊர்க்கதை சொல்கிற மாதிரி. இடுப்புல வெள்ளி அரைஞாண் இருந்துச்சு, அதை வச்சுத்தான் உங்க பெரியப்பா அடையாளம் சொன்னாரு. வெள்ளி அரைஞாண் இல்லாத பிள்ளை எந்த ஊரில் இருந்தது? சின்ன வயசில் அது தோன்றவில்லை. ராத்திரி படுத்தால் நாணல் கன்னத்தில் உரசுகிற மாதிரி இருக்கும். அது நினைவா, கேட்ட கதை தோலில் ஒட்டிக்கொண்டதா, இன்னமும் தெரியாது. இன்னமும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்; இன்னமும் கொள்ளிடப் பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், லாரியில் போனால் டிரைவரிடம் சண்டை பிடித்துக்கொண்டே போவாள், சண்டையில் பாலம் கடந்துவிடும். தெருப்பிள்ளைகள் வைத்த பேர் ஆத்துப்பொண்ணு. அந்தப் பேரைச் சொன்னவன் ஒவ்வொருத்தனையும் கல்லால் அடித்திருக்கிறாள். அதில் ஒரு கல் ரெங்கராசு அண்ணன் புருவத்திலும் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. "அதுதான் நீ எங்க குடும்பம்ங்கறதுக்கு ஆதாரம், தைலு. இந்தக் கோபம் எங்க வம்சத்துக் கோபம்" என்று அவரே புருவத்தைத் தடவிக் காட்டிச் சிரித்தவர்தான். அதே மனுஷன்தான் போன வாரம் போனில், "பேப்பரே சொல்லுதே தைலு, அந்தப் பிள்ளை செத்துப்போச்சுன்னு. அப்ப நீ யாரு?" என்றார். தைலம்மை போனில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். "ஏ, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்த்தா" என்று அவரே பதறிப்போய்விட்டார். பதறியும் என்ன? சொன்னது சொன்னதுதானே. மறுநாளே புத்தகக் கமிட்டியில் பேசிக்கொண்டார்களாம். வம்ச மரத்தில் நல்லுசாமிக்குக் கீழே குழந்தை இறந்தது என்று போட்டு, தைலம்மை பேரைத் தனியாக, புத்தகத்தின் கடைசியில், உதவி செய்த நல்ல உள்ளங்கள் என்ற பக்கத்தில் போட்டுவிடலாமா என்று. மண்டபத்துக்குக் கல்தூண் கொடுத்தவள் இல்லையா, விட முடியுமா. நல்ல உள்ளங்கள்! டெண்ட் கொட்டகைக்காரன், சவுண்டு சர்வீஸ்காரன், அவர்களுக்கு நடுவில் இவள்.

அந்தப் பேப்பர் படத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள். இப்போதும் போனைத் தட்டி எடுத்து இரண்டு விரலால் பெரிசாக்கினாள். சோழநாட்டு முரசு. கொள்ளிடத்தில் படகு கவிழ்ந்தது, பலர் ஜலமரணம். பேப்பர் காய்ந்த வாழைச்சருகு நிறம், நடுவில் மடிப்பு. தும்பிக்கை வைத்த பழைய லை, பழைய னை. அந்தத் தளத்து எந்திரம் அந்த மங்கின அச்சை ஒழுங்காகப் படிக்காமல் நல்லுசாமியை நல்லுகாமி என்று பதிந்து வைத்திருக்கிறதாம். தமயந்தி சரியான பேரைப் போட்டுத் தேடித் தேடி அலுத்து, கடைசியில் வேண்டுமென்றே தப்பாகப் போட்டுத் தேடினபோதுதான் கிடைத்ததாம். கண்டெடுக்கப்பட்ட பிரேதங்கள் என்று ஒரு வரி. அதன்கீழ் நத்தமேடு நல்லுசாமி, ஷை மனைவி, ஷை கைக்குழந்தை. அவ்வளவுதான். இதைப் பார்த்துத்தான் கமிட்டியில் ஒரு மேதாவி, டைப் அடிக்கிறவன், மனைவி பேர் ஷை என்று எழுதியிருக்கிறது, மீதி அழிந்துபோயிருக்கிறது என்று முடிவு கட்டி, மரத்தில் ஷைலா என்று போட்டுக் கொண்டுவந்தான். ஷைலா! நத்தமேட்டில், அந்தக் காலத்தில், நடவு நடுகிறவளுக்கு! அந்த மெய்ப்புத் தாளைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் அச்சகத்துக்காரன் மாவு மில் சத்தமோ என்று வெளியே வந்து பார்த்தான். "டேய், பத்திரம் படிச்சிருக்கியாடா நீ? ஷை சொத்து, ஷையார், ஷை வீட்டின் கீழ்புறம்னு பார்த்ததே இல்லியா? மேற்படின்னு எழுதச் சோம்பேறித்தனப்பட்டுப் பழைய ஆளுங்க ஒரு சுழி போடுவான். அந்தச் சுழிக்கு அச்சு இல்லாதவன் ஷைன்னு கோத்தான். மேற்படி மனைவிடா அது, மேற்படி மனைவி!" மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது வியாபாரத்தில் பட்ட அடி. லால்குடியில் ஒரு வீட்டை எடுத்தபோது தாளில் ஷை தூண்கள் நீங்கலாக என்று இருந்ததை என்னமோ சாமி பேர் போல் தாண்டிப் போய், தேக்குத் தூண் அத்தனையும் போயிற்று. அதிலிருந்து எந்தத் தாளிலும் அவள் கண் முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான். ஷை மனைவி. ஆத்தாளுக்குப் பேர் இல்லை. பெரியம்மா வாயிலும் அவள் சின்னவதான். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம், கேட்டால், "பேரா, என்னவோ சொல்வாங்க, நாலு மாசம் கூடச் சேர்ந்தாப்பல இருக்கல" என்பாள். ஆத்தா ஒரு ஷை. நான் ஒரு ஷை. மேலே இருக்கிறவன் பேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற எழுத்து. மேல் வரி இருந்தால்தான் அதற்கு அர்த்தம். மேல் வரியைக் கிழித்துவிட்டால்?

கண்டெடுக்கப்பட்ட பிரேதங்கள். கைக்குழந்தை. அப்படியானால் நல்லுசாமியின் குழந்தை செத்துப்போயிற்று. கரையில் கிடத்தி, துணி போட்டு, யாரோ எண்ணி, யாரோ எழுதி, அச்சாகியும் விட்டது. அப்படியானால் நாணலில் கத்திக்கொண்டு கிடந்தது எது? அந்தப் படகில் வேறு ஊர்க்காரர்களும் இருந்தார்கள், பெயர் தெரியாத சிலர் என்று கடைசி வரியில் இருக்கிறது. பெயர் தெரியாத சிலர். அதில் ஒருத்தி வயிற்றில் பிறந்தவளா? தைலம்மை இடது கையை விரித்து வெயிலில் பிடித்தாள். பெரியப்பா வையாபுரியின் வம்சத்துக்கே சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும், பெரியப்பாவுக்கு, ரெங்கராசு அண்ணனுக்கு, தமயந்திக்குக்கூட. இவளுக்கும் வளைந்துதான் இருக்கிறது. ஆனால் சித்தாளாகச் செங்கல் சுமந்த காலத்தில் நிலைவாசல் ஒன்று அந்த விரல்மேல் இறங்கிற்று. வளைவு வம்சம் கொடுத்ததா, நிலைவாசல் கொடுத்ததா, யாரைக் கேட்பது. வலது கையைப் பார்த்தாள். வளைந்த மாதிரியும் இருக்கிறது, நேராக இருக்கிற மாதிரியும் இருக்கிறது. பார்க்கப் பார்க்க அது யாருடைய விரலோ போல ஆகிவிட்டது. முற்றத்து ஓட்டில் ஒரு புறா இறங்கிக் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. "என்ன பார்க்கறே? உன் பேர் என்ன, தகப்பன் பேர் என்ன?" என்று சத்தமாகவே கேட்டாள். பறந்துவிட்டது. கேள்விக்குப் பதில் இல்லாதவன் எல்லாரும் செய்கிற வேலை.

இதெல்லாம் எதற்கு இப்போது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அந்தப் பெரியப்பா வீட்டில் அவள் அனுபவித்தது என்ன சொகுசு? எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு சோறு, எல்லாருக்கும் முன்னால் எழுந்து சாணி. பதினாலு வயசில் ஒரு துணிமூட்டையோடு திருச்சிக்கு நடந்து வந்தவள். கலவைச் சட்டி தூக்கி, உடைந்த செங்கல் பொறுக்கி விற்று, பழைய ஓடு, பழைய கம்பி, பழைய கதவு என்று ஏறி, அரியமங்கலத்தில் இன்றைக்குத் தைலம்மை மரக்கடை என்றால் லாரிக்காரன் வழி கேட்காமல் வருவான். யார் கொடுத்தது? நல்லுசாமியா, வையாபுரியா? ஒருத்தனும் இல்லை. அப்போது அந்த மரத்தில் தொங்க என்ன ஆசை? அறுத்துவிட்டுப் போ, போங்கடா நீங்களும் உங்கள் வம்சமும் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே. போங்கடா. வார்த்தை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உத்தரத்தில் உளுத்த இடத்தில் தட்டினது போல் பொதபொதவென்று ஒலித்தது. எழுந்து போய் நடுக்கூடத்துக் கதவை முட்டியால் தட்டினாள். கணீர் என்றது. இது மரம். அப்படி ஒரு சத்தம் தன்னிடம் எங்காவது இருக்கிறதா என்று தேடினால், எங்கே தட்டினாலும் பெரியப்பா வந்து நின்றார். பெரியப்பா வையாபுரி. பேசாத மனுஷன். மாட்டுத் தரகு. சந்தையில் மற்றத் தரகன் எல்லாம் தொண்டை கிழியக் கத்துவான், இவர் ஒரு விலை சொல்வார். ஒரு தடவை. வாங்குகிறவன் அசந்துபோய், என்ன சொன்னீங்க என்றாலும் வாயைத் திறக்க மாட்டார், மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். சொன்னதை மறுபடி சொன்னால் அதில் ஓட்டை இருக்கிறதென்று அர்த்தம் என்பது அவர் கணக்கு. அடித்தது இல்லை, கொஞ்சினதும் இல்லை. ஒரு திருவிழாச் சாப்பாட்டுப் பந்தியில், சொந்தக்காரன் ஒருத்தன், குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த இவளைக் காட்டி, "ஆத்துல பொறுக்குனதுதானே வையாபுரி, நம்ம ரத்தந்தானான்னு யார் கண்டா?" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. இவள் பெரியப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் குழம்பைப் பிசைந்தார். பிசைந்து, உருட்டி, சாப்பிட்டார். ஒரு வார்த்தை. இல்லை, இது என் தம்பி பிள்ளை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அன்றைக்கு வாளியை வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றாள். துணிமூட்டை கட்டினது அதற்கு அடுத்த வாரம். அவர் செத்தபோதுகூட ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்தாள், உள்ளே போகவில்லை. அவர் சும்மா இருந்ததை அவள் அரைநூற்றாண்டாகப் பதிலாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம், பொறுக்கினதுதான் என்று.

அப்போது இது புதுப்பயம் இல்லை. அந்தப் பந்தியில் பிறந்த பயம்தான் பேப்பரில் அச்சாகி வந்திருக்கிறது. இது பிடிபட்டதும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, தன்மேலேயே. முட்டி இன்னும் கதவின்மேல்தான் இருந்தது. தட்டாமலே விட்ட மரம் ஒன்று கூட அவள் கடையில் கிடையாது. போனை எடுத்தாள். ஒரு மணி அடிப்பதற்குள் தமயந்தி எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல.

"திறடி."

"அத்தை, சாப்பிட்டீங்களா?"

"சோத்தைப் பத்தி யாரு கேட்டா? திறன்னா திற."

"திறக்கறேன், திறக்கறேன். நெட் மெதுவா இருக்கு. வட்டம் சுத்துது." பக்கத்தில் ரெங்கராசு அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது. "அப்பாவும் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடவா?"

"போடு. கேக்கட்டும்."

"என்ன தைலு, கோவமா?" என்றது அண்ணன் குரல்.

"உங்க புருவம் எப்படிண்ணே இருக்கு?"

"இன்னொண்ணு பாக்கி இருக்கு, அதையும் உடைச்சுடு."

"சும்மா இருங்கப்பா. வந்துருச்சு. முதல் பக்கத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டாம் பக்கம்... இல்ல. இருங்க. மூணாம் பக்கம், நாலாம் பத்தி, கீழ. சின்னதா." வெயில் சதுரம் இப்போது நாற்காலியின் மேல் காலியாக உட்கார்ந்திருந்தது. தைலம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டாள், தலையில் தண்ணீர் விழுவதற்கு முன்னால் பிடிப்பது போல. "அத்தை, அப்படியே படிக்கறேன். ஒரு எழுத்து மாத்தாம படிக்கறேன். 'நாணற்புதரில் நேற்று உயிருடன் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தையை, அதன் பெரிய தகப்பனார் எனச் சொல்லி வந்த நத்தமேடு வையாபுரி என்பவர் வசம் போலீசார் ஒப்புவித்தனர். குழந்தை சுகமாயிருக்கிறது.' அவ்வளவுதான் அத்தை."

குழந்தை சுகமாயிருக்கிறது. யாரோ ஒரு பேப்பர்க்காரன், எப்போதோ செத்துப்போனவன், போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். யாரைப் பற்றி என்று தெரியாமலே. தைலம்மை கதவில் சாய்ந்துகொண்டாள். "மறுபடி படி" என்றாள். தமயந்தி படித்தாள். எனச் சொல்லி வந்த. அந்த இடம் வந்ததும், "நிறுத்து. எனச் சொல்லின்னா?"

"அவர் அப்படிச் சொன்னாரு, பேப்பர்க்காரன் சொல்லல, அப்படின்னு அர்த்தம். அவன் பொறுப்பு எடுத்துக்கல. அத்தை, உங்ககிட்ட மறைச்சுப் பேச மாட்டேன். முதநாள் பட்டியல் அவசரத்துல தப்பா வந்திருக்கலாம். குடும்பத்தோட போயிருப்பாங்கன்னு எழுதியிருக்கலாம். இல்லன்னா..."

"இல்லன்னா நான் வேற யார் பெத்ததோ."

"இந்தப் பேப்பரை வச்சு ரெண்டையும் சொல்ல முடியாது அத்தை."

சொல்ல முடியாது. சரி. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. ஆற்றங்கரை, சேறு, கிடத்தின உடம்புகள், அதில் பெரியப்பாவின் தம்பி. போலீஸ்காரன் கையில் ஒரு பிள்ளை கத்துகிறது. வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள். தம்பி குழந்தை செத்ததாக எழுதியாகிவிட்டது. பேசாமல் திரும்பிப் போயிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பேசாத மனுஷன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் வாயைத் திறந்திருக்கிறார். என்னுது. தெரிந்து சொன்னாரோ, அரைஞாணைப் பார்த்துச் சொன்னாரோ, பார்க்காமலே சொன்னாரோ. சொன்னார். போலீஸ் கேட்க, பேப்பர்க்காரன் கேட்க, ஒரு தடவை சொன்னார். ஒரு தடவை சொன்னதை அந்த மனுஷன் பந்தியில் எவனோ கேட்டான் என்பதற்காக மறுபடி சொல்வாரா? விலை சொல்லியாயிற்று. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பது போலக் குழம்பைப் பிசைந்தார். அடப் பாவி மனுஷா! அதை நான் அரைநூற்றாண்டு தப்பாகப் படித்திருக்கிறேனே. எந்திரம் நல்லுகாமி என்று படித்தது போல. காறித் துப்பினாள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தைலு."

"நல்ல உள்ளங்கள்ல என் பேரு வந்துது, தூணைத் திருப்பி லாரியில ஏத்திருவேன். உங்கப்பா போலீசுக்கு முன்னாடி சொன்ன சொல்லை மாத்தறதுக்கு உங்க கமிட்டி யாரு?"

"மாத்தல. யாரு மாத்துவா? நான் ஒரு மடையன், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன்."

"அது ஊருக்கே தெரியும். தமயந்தி, எழுதிக்க. நல்லுசாமி. பக்கத்துல மனைவி, பேர் தெரியலன்னு போடு. ஷைலா கிய்லான்னு வந்துது, கையை முறிச்சுருவேன். கீழ என் பேரு. அடியில ரெண்டு பேப்பரையும் போடு. செத்துப்போச்சுன்னு வந்ததையும் போடு, மறைக்காத. தேதி, பக்கம், பத்தி, நீ பார்த்த தேதி, எல்லாம்."

"எனச் சொல்லி வந்த-ங்கறதை எடுத்துட்டு, பெரிய தகப்பனார்னு மட்டும் போடட்டுமா அத்தை? சுருக்கமா இருக்கும்."

"அந்த வார்த்தையில கை வச்சே, தெரியும் சேதி!" அவள் போட்ட சத்தம் காலி வீட்டில் நாலு சுவரிலும் இடித்துத் திரும்பிற்று. "அதுதான்டி முக்கியம். அதை அப்படியே போடு."

வாசலில் குடையை மடக்குகிற சத்தம். வாத்தியார் பத்திரத்தோடு வந்துவிட்டார், வேர்த்து விறுவிறுத்து. "இந்தாங்கம்மா, என் வீடு என் வீடுதான். படிச்சுப் பார்த்துக்கோங்க." தைலம்மை வாங்கினாள், பழக்கத்தில் கண் ஷை, ஷை, ஷை என்று மூன்று இடத்தில் நின்று நின்று போயிற்று, ஒவ்வொன்றுக்கும் மேல் வரி எது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பந்தத் தாளை முழங்கால்மேல் விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இப்பவாவது சொல்லலாமா? தகப்பனார் பேர்?"

"நல்லுசாமி."

பேனா நின்றது. "வல்லுசாமியா, நல்லுசாமியா? சரியாக் காதுல விழல. இன்னொரு தரம் சொல்லுங்க."

தைலம்மை வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த கதவின் சட்டத்தைத் தடவிக்கொண்டே, அவர் எழுதுகிறவரைக்கும் நின்றாள்.